பலெர்மோ போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இத்தாலிப் பயணம் என்றால் ரோம், வெனிஸ், பீசா என்று ஓடுகிறவர்கள்தான் அதிகம். சிசிலித் தீவு வரை வருகிறவர்களும் தலைநகர் பலெர்மோவில் ஒரு ராத்திரி படுத்து எழுந்துவிட்டு எட்னா எரிமலையைப் பார்க்க வண்டி ஏறிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்காக, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

எத்தனை நாள் ஒதுக்கலாம்?

நகரத்துக்கு மட்டும் மூன்று முழு நாள். பக்கத்து ஊர்களான மொன்ரியாலே, செஃபலு இரண்டும் வேண்டுமென்றால் ஐந்து. "ஒரு நாளில் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடங்கள் எல்லாம் நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன, ஆனால் பாதி இடம் மதியம் மூடிவிடும், மீதிப் பாதியில் உள்ளே போனால் வெளியே வர மனசு வராது.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் நமக்குப் பழகியதுதானே என்று நினைக்கலாம். சஹாராவிலிருந்து சிரோக்கோ என்று ஒரு காற்று கிளம்பி வரும், அது அடிக்கிற நாளில் உள்ளூர்க்காரர்களே ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் கிடப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் மழை உண்டு, குளிர் அதிகமில்லை, கூட்டமும் இருக்காது. சந்தையும் தேவாலயங்களும் போதும் என்பவர்களுக்கு அதுவும் சரிதான்.

விசா, விமானம் எப்படி?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து இதுதான். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். ரோம் அல்லது மிலான் போய் மாறுவது எளிது. விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, கடலை ஒட்டிப் புந்தா ரைசியில் இருக்கிறது. ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. இரண்டுமே சற்று முன்பின்னாக ஒரு மணி நேரத்தில் மத்திய ரயில் நிலையத்தில் இறக்கிவிடும்.

பகலில் இறங்கினால் பேருந்தையே பிடியுங்கள் என்பேன். ஏன் என்பது கீழே மாஃபியா கேள்வியில் வருகிறது.

கார் வாடகைக்கு எடுக்கலாமா?

நகரத்துக்குள் வேண்டவே வேண்டாம். பழைய நகரத்தின் பெரும்பகுதி அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையும் மண்டலம், கேமரா படம் பிடித்துவிடும். நீங்கள் ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து, வாடகை நிறுவனம் வழியாக அபராதம் வந்து நிற்கும். போதாக்குறைக்கு ஸ்கூட்டர்காரர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள் என்று கணிக்க முடியாது. சென்னையில் ஓட்டிப் பழகியவர்கள் சமாளிப்பார்கள், ஆனால் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. தீவைச் சுற்றக் கார் வேண்டுமென்றால் பலெர்மோவை விட்டுக் கிளம்பும் நாளன்று எடுங்கள்.

பேருந்துச் சீட்டு 'T' வடிவப் பலகை மாட்டிய சிகரெட் கடைகளில் கிடைக்கும். ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை போட மறக்காதீர்கள். சீட்டு கையில் இருந்தாலும் முத்திரை இல்லையென்றால் சீட்டு இல்லாத மாதிரிதான்.

எங்கே தங்குவது?

குவாத்ரோ காந்தி என்ற நாற்சந்தியிலிருந்து பதினைந்து நிமிட நடைக்குள் எங்கு கிடைத்தாலும் சரி. மக்வேதா தெருவும் விட்டோரியோ இமானுவேலே தெருவும் அங்கேதான் வெட்டிக்கொள்கின்றன. வுச்சிரியா பகுதியில் மட்டும் அறை எடுக்க வேண்டாம். பெயருக்குச் சந்தை என்றாலும் இப்போது அது ராத்திரிக் குடிக்கும் இடம், விடிய விடியப் பாட்டு கேட்கும். ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதிகள் மலிவு, ஆனால் நடந்து திரும்பும் கடைசி ஐந்து நிமிடம் சிலருக்குப் பிடிக்காது.

மதியம் போனால் எல்லாம் மூடியிருக்கிறதே?

அங்கே நாள் அப்படித்தான். ஒன்றரை மணிவாக்கில் சின்னத் தேவாலயங்களும் கடைகளும் சாத்திக்கொள்ளும், நாலு மணிக்குப் பிறகுதான் மறுபடி திறப்பார்கள், சில தேவாலயங்கள் அன்றைக்கு அவ்வளவுதான். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முன் கேட்டால் சமையல்காரரே வந்திருக்கமாட்டார். இதோடு மல்லுக்கட்டாதீர்கள். காலை எட்டு மணிக்குச் சந்தை, ஒன்பதரைக்குத் தேவாலயங்கள், ஒரு மணிக்குச் சாப்பாடு, அப்புறம் தூக்கம். ஆறு மணிக்கு மேல் மறுபடி தெருவுக்கு வாருங்கள், அப்போதுதான் ஊரே வெளியே வரும். பயணம் வந்துவிட்டுத் தூங்குவதா என்று கேட்கிறவர்கள்தான் இரண்டாம் நாளே களைத்து, சிடுசிடுவென்று சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றே ஒன்று பார்க்க முடியும் என்றால் எது?

நார்மன் அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயம். யோசிக்கவே வேண்டாம்.

கொஞ்சம் வரலாறு சொன்னால்தான் அங்கே என்ன பார்க்கிறோம் என்று புரியும். பண்டைய கடல் வணிகர்களான ஃபினீசியர்கள் உருவாக்கிய ஊர் இது. 831-இல் அரபுகள் கைப்பற்றினார்கள், 1072-இல் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் அவர்களிடமிருந்து பிடித்தார்கள். பிடித்தவர்கள் பழையதை இடித்துத் தள்ளவில்லை, அரபுக் கைவினைஞர்களையும் கிரேக்க மொசைக் கலைஞர்களையும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். 1130-இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் தனக்காகக் கட்டிக்கொண்ட ஆலயம்தான் இது. சுவர் முழுக்கத் தங்கப் பின்னணியில் பைசாந்திய மொசைக்: கிறிஸ்து, புனிதர்கள், ஆதியாகமக் கதைகள். அண்ணாந்து பார்த்தால் மரக்கூரை முழுக்க அரபுப் பாணி. தேன்கூடு தொங்குவது போன்ற வேலைப்பாடு, அதன் குட்டிக் குட்டிப் பரப்புகளில் யாழ் வாசிப்பவர்கள், ஆடுபவர்கள், குடிப்பவர்கள், சதுரங்கம் ஆடும் இரண்டு பேர். ஒரு கிறிஸ்தவ ராஜாவின் பூசை மண்டபத்துக்கு மேலே! வெறுங்கண்ணுக்கு அந்தச் சதுரங்கக்காரர்கள் பிடிபடமாட்டார்கள், கையடக்கமான தொலைநோக்கி இருந்தால் கட்டாயம் எடுத்துப்போங்கள்.

வாசல் பக்கச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, எல்லாரும் கடந்து போய்விடுவார்கள். 1142-இல் ரோஜர் ஒரு நீர்க்கடிகாரம் செய்யச் சொன்ன செய்தி அதில் லத்தீன், கிரேக்கம், அரபு என மூன்று மொழியிலும் வெட்டியிருக்கிறது. கடிகாரம் போய்விட்டது, கல்வெட்டு மட்டும் மிச்சம்.

அரண்மனையில் இன்றும் சிசிலிச் சட்டமன்றம் கூடுகிறது. அதனால் அரச அறைகளை வெள்ளி முதல் திங்கள் வரைதான் பார்க்கலாம், சட்டமன்றம் கூடும் செவ்வாய், புதன், வியாழனில் ஆலயம் மட்டும். ஞாயிறு காலை பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், பத்தரைக்கு மேல் கப்பல் பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள்.

அது பார்த்துவிட்டால் மொன்ரியாலேயும் வேண்டுமா? இரண்டும் மொசைக்தானே?

வேண்டும். பலத்தீனா நகைப்பெட்டி அளவு, மொன்ரியாலே பேராலயம். ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியம் 1170களில் கட்டத் தொடங்கியது. ஆறாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மொசைக். நோவா பேழை கட்டுவதிலிருந்து விலங்குகளை ஏற்றி இறக்குவது வரை கதை படம் படமாகச் சுவரில் ஓடும், பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்ல ரொம்ப வசதி. பக்கத்து மடத்து முற்றத்துக்குத் தனிச் சீட்டு, அதையும் வாங்குங்கள். 228 தூண்கள், இரண்டிரண்டாக நிற்கும், பல தூண்களில் வண்ணக் கல் பதித்திருப்பார்கள், தலைப்பகுதிச் சிற்பங்கள் ஒன்று போல இன்னொன்று கிடையாது. அரண்மனைக்குப் பக்கத்துச் சதுக்கமான பியாட்சா இந்திபெந்தென்சாவிலிருந்து 389-ஆம் எண் பேருந்து மேலே போகிறது. எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நகரத்துத் தேவாலயங்களில் எதை விட்டுவிடக்கூடாது?

மர்த்தொரானா. உள்ளே ரோஜருக்குக் கிறிஸ்துவே முடிசூட்டும் மொசைக் ஒன்று உண்டு, ராஜா முகமும் கிறிஸ்து முகமும் கிட்டத்தட்ட ஒரே சாயல். அந்தக் காலத்து விளம்பரப் பலகை என்றே சொல்லலாம். பக்கத்திலேயே மூன்று சிவப்புக் குமிழ் கூரைகளோடு சான் கத்தால்தோ, எதிரே சாந்தா கத்தெரீனா. கத்தெரீனா மடத்துக்குள் கன்னியர் மடங்களின் பழைய செய்முறைப்படி இனிப்பு செய்து விற்கிறார்கள், வாங்கி உள்முற்றத்து ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம். மாடிக்கும் ஏறுங்கள்.

பெரிய தேவாலயம் வெளியே பிரமாதம், உள்ளே பிற்காலத்தில் மாற்றிவிட்டதால் கொஞ்சம் ஏமாற்றம்தான். தெற்கு வாசல் தூண்களில் இடது பக்கத்து ஒன்றில் குர்ஆன் வசனம் செதுக்கியிருப்பதைத் தேடிப் பாருங்கள்.

சான் லொரென்சோ சிற்றாலயத்தில் பீடத்துக்கு மேலிருந்த கரவாஜோவின் ஓவியத்தை 1969 அக்டோபரில் யாரோ சட்டத்திலிருந்து அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது தொங்குவது நகல். சுற்றிலும் ஜாக்கோமோ செர்ப்பொத்தா சுண்ணச் சாந்தில் செய்த குழந்தைச் சிலைகள் இருக்கின்றன. அசல் இல்லாவிட்டாலும் அவற்றுக்காகவே போகலாம்.

சந்தைகளில் எது?

பல்லாரோ. காலையில். காப்போ சந்தையும் நன்றாக இருக்கும், ஆனால் பல்லாரோவில்தான் உள்ளூர் ஆட்கள் இன்னும் வீட்டுக்குக் காய்கறி வாங்குகிறார்கள். கத்திரிக்காய் உருண்டையாகக் குழந்தைத் தலையளவுக்கு இருக்கும், வாள்மீன் தலையை மூக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்திவைத்திருப்பார்கள், வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவுவார்கள். புகைப்படம் எடுப்பதற்கு முன் ஏதாவது வாங்குங்கள், பெரும்பாலும் அவர்களே சிரித்துக்கொண்டு நிற்பார்கள். பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. பலெர்மோவின் தெரு உணவில் முதலிடம் பனெல்லேவுக்கு. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டியில்லாமல் களி கிண்டுவது மாதிரி கிண்டி, மெல்லிசாகப் பரப்பி, ஆறியதும் வெட்டி எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். எள் தூவிய பன்னுக்குள் நாலைந்து துண்டு வைத்து, எலுமிச்சை பிழிந்து கையில் கொடுப்பார்கள். சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் வெறும் மாவு. கூடவே உருளைக்கிழங்கு, புதினா போட்ட குரோக்கே கேளுங்கள். கத்திரிக்காய், செலரி, ஆலிவ், கேப்பர் எல்லாம் புளிப்பும் இனிப்புமாக வரும் கப்போனாத்தா நம் நாக்குக்கு ரொம்பப் பொருந்தும். காலையில் பாதாம் கிரானிட்டா என்ற பனிக்கூழும் பிரியோஷ் பன்னும்.

இனி எச்சரிக்கை. சோற்று உருண்டையை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த அரஞ்சீனாவில் 'வெண்ணெய்' என்று எழுதியிருந்தாலும் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். ஸ்ஃபின்சோனே என்ற தடிமனான ரொட்டி பார்க்கச் சைவம், பெரும்பாலும் நெத்திலி போட்டிருப்பார்கள். கன்னோலி என்ற இனிப்பின் மொறுமொறு மேலோட்டைப் பழைய முறையில் செய்கிறவர்கள் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். கண்டிப்பான சைவம் என்றால் "சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா ஸ்த்ருத்தோ" என்று சொல்லிப் பழகுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும், 'சைவம்' என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் மீன் வந்து நிற்க வாய்ப்பு உண்டு.

அசைவக்காரர்களுக்கு?

கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்துக் கொழுப்பில் வதக்கிப் பன்னில் வைத்துத் தரும் பானி கா மேவுசா. ஆட்டுக் குடலை வெங்காயத்தாளில் சுற்றிக் கரியில் சுடும் ஸ்திக்கியோலா, புகையைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சாதாரணம். மத்தி மீனும் காட்டுச் சோம்புக் கீரையும் உலர் திராட்சையும் சேரும் பாஸ்தாவையும் ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள். முதல் வாயில் குழப்பமாக இருக்கும்.

பலெர்மோவில் தமிழர்கள் இருக்கிறார்களாமே?

ஆமாம், நிறையப் பேர். 1980களிலிருந்து இலங்கைப் போர் துரத்திவிட்ட ஈழத் தமிழர்கள் இங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள். இத்தாலிய வீடுகளில் வேலை பார்த்துத் தொடங்கியவர்கள் பலர், அவர்கள் பிள்ளைகள் இப்போது பலெர்மோ உச்சரிப்பில் இத்தாலியன் பேசுகிறார்கள். பழைய நகரத்துத் தெருக்களில் கறித்தூளும் கருவாடும் வாங்கக் கடை உண்டு.

அவர்களைப் பற்றிப் பேசினால் புனித ரொசாலியாவைச் சொல்லாமல் முடியாது. 12-ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபுவின் மகளாகப் பிறந்து, எல்லாவற்றையும் விட்டு ஊருக்கு வடக்கே மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குகையில் தவம் இருந்தவர் என்பது மரபு. 1624-இல் கொள்ளைநோய் ஊரை வாரிக்கொண்டு போனபோது குகையில் கிடைத்த எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள், நோய் அடங்கியது என்று நம்பி அவரையே ஊரின் காவல் புனிதர் ஆக்கிவிட்டார்கள். குவாத்ரோ காந்தியின் நாலு மூலையிலும் நிற்கும் பெண்கள் அதற்கு முந்தைய காவல் புனிதைகள்: அகத்தா, கிறிஸ்தீனா, நின்ஃபா, ஒலீவா. ரொசாலியாவின் எலும்பு கிடைப்பதற்குள் அந்தச் சந்தியின் திட்டம் முடிந்துவிட்டதால் ஊரின் பெரிய புனிதைக்கே அங்கே இடம் இல்லை.

மலையேறி ரொசாலியாவைக் கும்பிடும் தமிழர்களில் கத்தோலிக்கர் மட்டும் இல்லை, இந்துக்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் பார்க்கலாம். சுமார் 600 மீட்டர் உயர மலை, கல் பாவிய பழைய பாதையில் நடந்தே ஏறலாம், நகரப் பேருந்தும் மேலே போகிறது. கோயில் என்பது பாதி கட்டடம், மீதி குகை. பாறையிலிருந்து சொட்டும் தண்ணீர் தலையில் விழாமல் இருக்க விதானம் முழுக்கத் தகர வாய்க்கால் வளைந்து வளைந்து ஓடும், அந்த நீரைப் புனித நீராகச் சேர்த்துவைக்கிறார்கள். கண்ணாடிக்குள் தங்க அங்கியோடு புனிதை படுத்திருப்பார்.

திருவிழா எப்போது?

ஜூலை 14 ராத்திரி. பெரிய தேர் ஒன்று பழைய நகரத்தின் நடுத்தெரு வழியாகக் கடலை நோக்கி நகரும், நாற்சந்தியில் மேயர் ஏறி "வீவா பலெர்மோ எ சாந்தா ரொசாலியா" என்று கத்துவார், கடற்கரையில் வாணவேடிக்கை. வேகவைத்த நத்தையும் தர்ப்பூசணியும் அன்றைய தின்பண்டம். வெயிலும் நெரிசலும் தாங்குமென்றால் போங்கள். எனக்குக் கேட்டால் செப்டம்பர் 4-ஐ ஒட்டி நடக்கும் மலை நடைப்பயணம்தான் மேல், அதில் வேடிக்கை குறைவு, வேண்டுதல் அதிகம்.

மாஃபியா பயம் இருக்கிறதா? பாதுகாப்பா?

பயணிகளுக்கு மாஃபியாவால் தொல்லை கிடையாது. ஜேப்படி, கைப்பை பறிப்பு என்று எந்தப் பெரிய நகரத்திலும் பார்க்கும் எச்சரிக்கை போதும்.

ஆனால் இந்த ஊரிடம் மாஃபியாவைச் சிரிப்புச் சமாச்சாரமாகப் பேசாதீர்கள். விமான நிலையத்தின் பெயரே ஃபல்கோனே–போர்செல்லினோ. மாஃபியாவைக் கூண்டில் ஏற்றிய இரண்டு நீதித்துறை அதிகாரிகள். 1992 மே 23 அன்று ஜொவான்னி ஃபல்கோனே, அவர் மனைவி, மூன்று காவலர்கள் போய்க்கொண்டிருந்த சாலையையே கப்பாச்சியில் வெடிவைத்துத் தூக்கினார்கள். இரண்டு மாதத்துக்குள், ஜூலை 19 அன்று, பவுலோ போர்செல்லினோவும் ஐந்து காவலர்களும் நகரத்துக்குள்ளேயே வெடிகுண்டுக்குப் பலியானார்கள். விமான நிலையப் பேருந்து போவது அந்த நெடுஞ்சாலையில்தான். சாலையின் இரு பக்கமும் சிவப்புத் தூண்கள் வரும், மலைச்சரிவில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடத்தில் 'நோ மாஃபியா' என்று பெரிதாக எழுதியிருக்கும். பேருந்தை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மாமூல் தர மறுக்கும் கடைகளைச் சேர்க்கும் 'அத்தியோபிட்சோ' என்ற இயக்கம் 2004-இல் தொடங்கியது. ஒரு காலைப்பொழுதில் நகரமெங்கும் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுகளில், மாமூல் கட்டும் மக்கள் மானமில்லாத மக்கள் என்று எழுதியிருந்தது. இன்று கடை வாசலில் அந்த இயக்கத்தின் ஒட்டுச்சீட்டு இருந்தால் அங்கே வாங்குங்கள். துப்பாக்கி, தொப்பி பொம்மை போட்ட 'காட்ஃபாதர்' சட்டைகள் விற்கும் கடைகளை நான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

குழந்தைகளோடு போகிறோம். கப்புச்சின் துறவிகளின் சவக்கிடங்கு?

சுவரில் வரிசையாக உடுப்போடு நிறுத்திவைத்த ஆயிரக்கணக்கான பதப்படுத்திய உடல்கள். 1920-இல் இரண்டு வயது நிறையும் முன்பே இறந்த ரொசாலியா லொம்பார்தோ என்ற குழந்தை தூங்குவது போலவே இருக்கிறாள். பெரியவர்கள் விருப்பம், பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். படம் எடுக்கத் தடை.

அதற்குப் பதில் 'ஓப்பெரா தெய் பூப்பி' பொம்மலாட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். தகரக் கவசம் போட்ட வீரர்கள், இரும்புக் கம்பியில் ஆடுவார்கள். பலெர்மோ பொம்மைகளுக்கு முழங்கால் மடங்கும், வாளை உருவும், தலை வெட்டுப்பட்டு உருளும், ஆட்டுகிறவர் மேடைக்குப் பின்னால் காலால் பலகையை ஓங்கி மிதிக்கிற சத்தம் நெஞ்சில் இடிக்கும். மொழி புரியாவிட்டாலும் யார் கெட்டவன் என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். அடுத்து பியாட்சா மரீனா பூங்கா. நம் ஆலமரத்தின் ஆஸ்திரேலிய உறவு ஒன்று அங்கே விழுதும் தூணுமாகப் பரந்து நிற்கிறது, ஐரோப்பாவின் மிகப் பெரிய மரங்களில் ஒன்று.

கடலில் குளிக்க?

மொந்தெல்லோ. 806-ஆம் எண் பேருந்து. வெள்ளை மணல், ஆழமில்லாத நீர், நடுவில் 1913-இல் கட்டிய அழகான குளியல் மாளிகை. ஆகஸ்ட்டில் மணல் கண்ணுக்குத் தெரியாது, தலைகள்தான். நேரம் இருந்தால் ரயிலில் ஒரு மணி நேரம் போய் செஃபலுவில் குளியுங்கள், அங்கே ரோஜர் 1131-இல் தொடங்கிய பேராலயமும் கடலோரமாகவே இருக்கிறது.

ஓவியம், அருங்காட்சியகம்?

பலாத்சோ அபத்தெல்லிஸ். அன்தொனெல்லோ தா மெஸ்ஸீனா வரைந்த கன்னி மரியாள் அங்கே: நீல முக்காடு, படிப்பை நிறுத்தி லேசாக உயர்த்திய வலது கை. இயேசுவின் பிறப்பைச் சொல்ல வந்த தேவதூதர் படத்தில் இல்லை, அவர் நிற்க வேண்டிய இடத்தில் நாம்தான் நிற்கிறோம். சின்னப் படம், பத்து நிமிடம் நின்றால்தான் அந்தக் கை பிடிபடும். கீழ்த்தளத்தில் 'மரணத்தின் வெற்றி' என்ற 15-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம். எலும்புக் குதிரை மேல் சாவு, பணக்காரர்கள் மேல்தான் அம்பு விடுகிறது, ஓரத்தில் நிற்கும் ஏழைகள் கெஞ்சியும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உடை, காசு பற்றி ஏதாவது?

தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஒரு துப்பட்டா பையில் இருந்தால் போதும். உணவகப் பில்லில் 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ந்து வரும், அது ஏமாற்று இல்லை, உட்கார்ந்ததற்கான கட்டணம். காப்பியை நின்றுகொண்டே குடித்தால் மலிவு. சந்தைக்குச் சில்லறை நோட்டு வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிறோம், என்ன செய்வது?

மதியத்துக்கு மேல் சந்தை இருக்காது, கடைகளும் பாதி மூடியிருக்கும். மலைக்கோயிலுக்குப் போங்கள். இறங்கி வந்து சாயங்காலம் மக்வேதா தெருவில் நடங்கள், ஊரே குடும்பம் குடும்பமாக அங்கேதான் இருக்கும். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பல மூடிவிடும், அரண்மனை திறந்திருக்கும், அதை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.